லைன் போன பிறகும் உள்ளே போக ஒரு வழி: சிசிஎன்ஏ படிக்கிறவர்களுக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டிலிருந்தே சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வு) படிக்கிறவர்கள் அவுட் ஆஃப் பேண்ட் மேனேஜ்மென்ட்டை, அதாவது வழக்கமான நெட்வொர்க் போனாலும் வேறு தனி வழியாகக் கருவிக்குள் நுழைவதை, சின்ன விஷயம் என்று தள்ளிவிடுகிறார்கள். தேர்வில் கன்சோல் (பெட்டியில் நேராகக் கேபிள் மாட்டி நுழைவது), எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாகத் தூரத்திலிருந்து நுழைவது) என்று மேலோட்டமாகத்தான் வரும், உண்மைதான். இன்டர்வியூவில்தான் குடைவார்கள். "ரூட்டர் சென்னையில், நீங்கள் ஊட்டியில். எஸ்எஸ்எச் போய்விட்டது. என்ன செய்வீர்கள்?" என்று என்னிடம் கேட்டார்கள்.

கன்சோல் சர்வர் (ரூட்டரின் கன்சோல் போர்ட்டில் மாட்டி, தூரத்திலிருந்து அதற்குள் நுழைய உதவும் பெட்டி) என்று மட்டும் சொன்னால் விடமாட்டார்கள். அந்தக் கன்சோல் சர்வருக்கு எந்த வழியாகப் போவீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. பர்லியார் பக்கம் மண் சரிந்தால் நாம் கோத்தகிரி ரோட்டில் இறங்குகிறோம். ஆனால் இரண்டு ரோடும் மேட்டுப்பாளையத்தில்தான் போய்ச் சேருகின்றன. மாற்று வழியும் அதே சுவிட்ச், அதே லைன் வழியாகப் போனால் அது மாற்று வழியே இல்லை. அதனால்தான் கன்சோல் சர்வரில் தனியாக எல்டிஇ (மொபைல் நெட்வொர்க்) மோடம் வைக்கிறார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் முடங்கியபோது அவர்களுடைய அவுட் ஆஃப் பேண்ட் நெட்வொர்க்கும் சேர்ந்தே போனது. கடைசியில் ஆட்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போக வேண்டியிருந்தது.

இதை மனப்பாடம் செய்யாமல் உடைத்துப் பழகுங்கள். பாக்கெட் டிரேசரில் (சிஸ்கோவின் நெட்வொர்க் சிமுலேட்டர்) ஒரு ரூட்டருக்கு எஸ்எஸ்எச்சில் நுழைந்து, எந்த இன்டர்ஃபேஸ் வழியாக வந்தீர்களோ அதையே ஷட்டவுன் செய்யுங்கள். திரை அப்படியே உறைந்து நிற்கும். இப்போது வெளிர்நீலக் கன்சோல் கேபிளைப் பிசியின் ஆர்எஸ்-232 போர்ட்டில் மாட்டி, டெர்மினலைத் திறந்து மீட்டுக்கொண்டு வாருங்கள். 9600 வேகம், 8 பிட், பேரிட்டி கிடையாது, 1 ஸ்டாப் பிட். நிஜப் பெட்டியில் திரை முழுக்கக் கிறுக்கலாக வந்தால் முதலில் வேகத்தைப் பாருங்கள். அப்புறம் நிஜப் பெட்டியில் 'ரீலோட் இன் 10' பழகுங்கள். ஆபத்தான மாற்றத்துக்கு முன்னால் அதைக் கொடுத்துவிட்டால், நீங்கள் வெளியே மாட்டிக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் ரூட்டர் சேமித்த பழைய கான்ஃபிக்கோடு எழுந்துவிடும். நடுவில் சேவ் மட்டும் செய்துவிடக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் ரீலோடை கேன்சல் செய்துவிட்டுச் சேவ் செய்யலாம்.

சர்வர் பக்கம் இதே வேலையைச் செய்வது பிஎம்சி. மதர்போர்டிலேயே இருக்கும் தனிச் சிப். சர்வர் ஆஃபாக இருந்தாலும் பவர் கார்டு செருகியிருந்தால் இது விழித்திருக்கும். டெல் சர்வரில் ஐடிராக், எச்பிஇ சர்வரில் ஐலோ என்று பெயர். பிஎம்சியோடு பேசும் முறைக்கு ஐபிஎம்ஐ என்று பெயர், அது யூடிபி 623 போர்ட்டில் பேசும். ஐபிஎம்ஐ 2.0-இல் லாகின் ஆகும் முன்பே பாஸ்வேர்டின் ஹேஷை (பாஸ்வேர்டை ஊகித்துப் பிடிக்க உதவும் மறைவடிவம்) கேட்டு வாங்கிவிடலாம், அதனால் இதை இன்டர்நெட் பக்கம் காட்டவே கூடாது. இந்த ஒரு வரியைச் சொன்னதும் இன்டர்வியூ எடுத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். லினக்ஸ் லேப்டாப் இருந்தால் விர்ச்சுவல்பிஎம்சி (பிஎம்சி போல நடிக்கும் மென்பொருள்) போட்டு, ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளையால் விர்ச்சுவல் மெஷினை ஆன், ஆஃப் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

தேர்வை வீட்டிலிருந்தும் எழுதலாம்தான். ஆனால் மரம் விழுந்து கரண்ட் போகிற ஊரில் நான் அதைச் சொல்லமாட்டேன். கோவை மையமே நல்லது. அக்டோபர், நவம்பரில் தேதி எடுக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் முந்தின நாளே இறங்கி அங்கே தங்கிவிடுங்கள்.