சந்தகை மெஷினுக்கு ஒரு கைப்பிடி: வீட்டில் அலுமினியம் வார்த்த ஏழு மாதம்

அம்முச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில், இடியாப்பம் போன்ற சந்தகையைப் பிழியும் மெஷினின் கைப்பிடி போன தீபாவளிக்கு மறுநாள் உடைந்தது. மூன்று கால் வைத்த பழைய வார்ப்பிரும்பு மெஷின். மேலே திருகுத் தண்டு, அதன் தலையில் குறுக்காகக் கைப்பிடி. மாவு சூடு ஆறுவதற்குள் பிழிந்தாக வேண்டும் என்பதால் இரண்டு கையாலும் அழுத்திச் சுற்றுவார்கள். அப்படிச் சுற்றும்போதுதான் தண்டு செருகும் நடுக்குண்டை ஒட்டி, கைப்பிடியின் ஒரு பக்கக் கை பட்டென்று முறிந்தது. வெல்டிங் வைத்துப் பார்த்தோம். வார்ப்பிரும்பு அதற்குச் சுலபத்தில் இணங்காது. பத்து நாளில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விட்டது.

அதே கைப்பிடியை அலுமினியத்தில் நானே வார்த்துவிட முடியுமா என்ற ஆசை அப்போது வந்தது. கோயமுத்தூரைச் சுற்றி இவ்வளவு பவுண்டரிகள் (உலோக வார்ப்பு ஆலைகள்) இருக்கிற ஊர்ப்பக்கம் பிறந்துவிட்டு, ஒருமுறைகூட உருகிய உலோகத்தைக் கையாண்டதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் குறை. எங்கள் ஊர் சென்னிமலைப் பக்கம். கொஞ்சம் தள்ளி நொய்யல் கரையில் கொடுமணல். இரண்டாயிரம் வருடங்களுக்கும் முன்பு அங்கே இரும்பு உருக்கிய உலைகளும் மூசைகளும் (உலோகம் உருக்கும் கிண்ணங்கள்) அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. இந்த மண்ணுக்கு இது புது வேலை இல்லை.

மார்கழியில் உலை கட்டினேன். பழைய இரும்பு வாளி, உள்ளே பயர் கிளே எனும் சூடு தாங்கும் களிமண் பூச்சும் உடைத்த சூளைக்கல்லும், அடியில் ஒரு குழாய், குழாய்க்குச் சின்ன புளோயர். எரிக்கத் தேங்காய்த் தொட்டிக் கரி. காங்கயம் பக்கம் தேங்காய்க் களங்கள் இருப்பதால் கரிக்குப் பஞ்சமே இல்லை. உலையைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், கரியும் காற்றும் அந்தச் சூட்டைத் தாராளமாகத் தரும். கஷ்டமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

முதல் உருக்கலுக்குக் குளிர்பான டின்களைச் சேர்த்தேன். ஒரு டின் 14 கிராம்தான், கிலோவுக்கு எழுபது டின் வேண்டும். தகடு மெல்லியது, மேலே பெயின்ட், உள்ளே பூச்சு. உருகியபோது பாதிக்குப் பாதி சாம்பல் நிறக் கசடாகத் திரண்டுவிட்டது. அலுமினியம் காற்றைத் தொட்டதுமே மேலே பாலாடை போல ஆக்சைடு ஏடு கட்டும். மெல்லிய தகட்டில் உலோகத்தைவிட இந்த ஏட்டின் பங்கு கூடிப்போகிறது. பாத்திரமாக ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்ததும் தவறு. உருகிய அலுமினியம் இரும்பைத் தின்னும். மூன்றாவது உருக்கலில் டம்ளரின் அடி ஓட்டை விழுந்து எல்லாம் கரியில் இறங்கிவிட்டது. கோவைக்குப் போய் இரண்டு கிலோ பிடிக்கிற கிராபைட் மூசை வாங்கி வந்தேன். புது மூசையை நேராகத் தீயில் வைக்கக் கூடாது. வெயிலில் ஒருநாள், பிறகு இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் காய்ச்சி, ஈரம் போன பிறகுதான் உலைக்குள் இறக்கினேன்.

டின்னுக்குப் பதில் காயலாங்கடையில் பிஸ்டன்களைத் தேடினேன். ஜன்னல் சட்டமும் அலுமினியம்தான், ஆனால் அது அச்சில் தள்ளி நீட்டுவதற்கான கலவை. வார்த்தால் சரியாக ஓடாது, ஆறும்போது கீறல் விடும். பிஸ்டனில் ஏறக்குறைய 12 சதவீதம் சிலிக்கான் கலந்திருக்கும். அதனால் சுத்த அலுமினியத்தைவிடக் குறைந்த சூட்டில் உருகும், தண்ணீர் மாதிரி ஓடும். லாரி பிஸ்டனை உருக்கியபோது மூசையின் அடியில் ஒரு இரும்பு வளையம் தங்கியது. ரிங் உட்காரும் பள்ளத்துக்குத் தேய்மானம் தாங்க வைத்து வார்த்திருக்கிறார்கள். இடுக்கியில் எடுத்துப் போட்டேன்.

பழைய உலோகம் வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். சில வண்டிப் பாகங்கள் மெக்னீசியம் கலவை. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, இன்னும் கொழுந்துவிடும். சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார்ப்பேன். நுரைத்தால் அதைத் தொடுவதில்லை. இப்படிச் சேர்த்த அலுமினியத்தில் சமையல் பாத்திரம் வார்க்கவும் மாட்டேன். எந்தப் பாகத்தில் காரீயம் கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கைப்பிடி மாவைத் தொடாது என்பதால்தான் துணிந்தேன்.

அதே சமயம் பழைய அலுமினியம் அருமையான பொருள். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி, மேட்டூரில் அலுமினியம் எடுத்த காலம் உண்டு. தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் பழையதை உருக்கிவிடலாம். காயலாங்கடை மூலையில் கிடக்கிற பிஸ்டனை இப்போது என்னால் குப்பையாகப் பார்க்க முடியவில்லை.

இனி, உலோகத்தை ஊற்றும் அச்சுக்கான மண். இந்த ஏழு மாதத்தில் வேலை நடந்த நாட்களில் பெரும்பகுதி மண்ணோடுதான் போனது.

எம்சாண்ட் உதவாது, துகள் கூர்மூலையாக இருக்கும். ஆற்று மணலை நைலான் சல்லடையில் சலித்துப் பத்து கிலோ எடுத்தேன். எர்த்திங் குழிக்குப் போடும் பென்டோனைட் களிமண் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிறது, அதில் ஒரு கிலோ. தண்ணீரைக் கண்ணளவில் தெளித்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. முதல் ஊற்றலில் உலோகம் அச்சுக்குள் இறங்கியதும் கொதிக்கிற குழம்பு போலக் குமிழிட்டு, ஊற்றுவாய் வழியாக நாலைந்து துளி வெளியே தெறித்தது. முகக்கவசமும் தோல் ஷூவும் போட்டிருந்தேன், தரையில் மூன்று அங்குலம் காய்ந்த மணல் பரப்பியிருந்தேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்கு விரியும். வெறும் சிமென்ட் தரையில் கொட்டினாலும் இதேதான். தரைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, தரையைச் சில்லு சில்லாக வெடிக்க வைக்கும்.

அறுத்துப் பார்த்தபோது உள்ளே ஆப்பம் மாதிரி முழுக்கத் துளை. அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் போனேன். முப்பது வருடம் கோவை கணபதியில் ஒரு பவுண்டரியில், மண் அச்சு எடுக்கும் மோல்டராக இருந்தவர். துண்டைப் பார்க்கக்கூட இல்லை, மண்ணைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையை விரித்தார்.

“ஏனுங் மாப்ள, இது மோல்டிங் மண்ணா, செவுத்துக்குப் பூசறதா? புடிச்சா கைரேகை உழுகோணும், கையில ஈரம் ஒட்டக் கூடாது. நடுவுல ஒடிச்சா முனை உதிராம நிக்கோணும்.”

அவர் சொன்னபடி மண்ணைக் காயவிட்டு, இந்தமுறை அளந்து 400 மில்லி தண்ணீர் சேர்த்து மிதித்துப் பிசைந்தேன். ஈரச் சாக்குப் போட்டு ஒரு ராத்திரி மூடி வைத்தேன். பென்டோனைட் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். கலந்த உடனே பார்த்தால் மண் பொய் சொல்லும். மறுநாள் காலையில் அதே மண் வேறு ஆளாக இருந்தது. சைக்கிள் போக்ஸ் கம்பியால் மேல் அச்சில் இருபது இடத்தில் குத்தி, ஆவி போக வழியும் விட்டேன்.

மண்ணில் பதித்து அச்செடுக்கும் மாதிரியை, அதாவது பேட்டர்னை, தனியாகச் செய்யவில்லை. உடைந்த கைப்பிடியையே எம்சீல் வைத்து ஒட்டி, நடுத் துளையையும் அடைத்துத் தேய்த்து வழவழப்பாக்கினேன். சூடான அலுமினியம் ஆறும்போது நீளத்தில் நூற்றுக்கு 1.3 பங்கு சுருங்கும். 260 மில்லிமீட்டர் கைப்பிடியில் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கைப்பிடி நீளத்தில் அது பெரிதில்லை. சதுரத் துளையைப் பிறகு டிரில் போட்டு அரத்தால் ராவிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரே துண்டான பேட்டர்ன் என்பதால், மண் இடிக்கும் மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் பிரியும் கோடுதான் சோதனை. கைகள் உருண்டை. பாதி கீழ்ப் பெட்டியில், பாதி மேல் பெட்டியில் சரியாக இருக்க வேண்டும். முதலில் கீழ்ப் பெட்டியில் புதைத்துவிட்டு, உருண்டையின் நடு உயரம் தெரிகிறவரை சுற்றிலும் மண்ணைக் கரண்டியால் செதுக்கி எடுத்தேன். இரண்டு பெட்டி மண்ணும் ஒட்டாமலிருக்க மேலே முகப்பவுடர் தூவி, மேல் பெட்டியை வைத்து இடித்தேன். தூக்கிப் பேட்டர்னை உருவும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறோம். நாலு தடவை மண் பெயர்ந்தது, நாலு தடவையும் மறுபடி இடித்தேன்.

மாசியில் வந்த துண்டு வெளியே அழகாக இருந்தது. கைகளில் மணலின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. ஆனால் நடுக்குண்டின் தலையில் விரல் நுனி அளவு குழி. அடுத்ததிலும் அதே இடத்தில் குழி. சூடு போதவில்லை என்று நினைத்து 800 டிகிரிக்கு ஏற்றினேன், இன்னும் மோசம். அலுமினியம் எவ்வளவு கூடுதலாகச் சூடாகிறதோ அவ்வளவு ஹைட்ரஜனை உறிஞ்சும். உறையும்போது அதைப் பிடித்துவைக்க முடியாமல் ஊசித்துளைகளாக விட்டுவிடும். பகல் வெளிச்சத்தில் 700 டிகிரி அலுமினியம் வெள்ளியாகத்தான் தெரியும், சிவக்காது. கண்ணை நம்பி இன்னும் இன்னும் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறேன். சூட்டை அளக்கும் கே டைப் தெர்மோகப்பிள் ஒன்று வாங்கிய பிறகு 720-க்கு மேல் போனதில்லை.

குழிக்குக் காரணம் சூடு இல்லை. அதை மாமா தரையில் குச்சியால் வரைந்து காட்டினார். கைகள் 18 மில்லிமீட்டர் தடிமன், குண்டு 40 மில்லிமீட்டர் விட்டம். ஒல்லியான கைகள் முதலில் உறைந்து வழியை அடைத்துக்கொள்ளும். குண்டு கடைசியில் உறையும். உறையும்போது அலுமினியம் கன அளவில் ஆறு ஏழு சதவீதம் குறைகிறது. என் கைப்பிடிக்குக் கணக்குப் போட்டால் ஒரு டீஸ்பூனுக்குச் சற்று மேல். அந்த ஒரு டீஸ்பூன் உலோகத்தைக் குண்டு யாரிடமாவது கேட்கும். கொடுக்க ஆள் இல்லையென்றால் தன் தலையிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

“பசியெடுக்கற எடத்துல சோத்தை வெய்யி” என்றார்.

குண்டின் தலைக்கு நேர் மேலே 45 மில்லிமீட்டர் விட்டத்தில், 60 மில்லிமீட்டர் உயரத்தில் ரைசர், அதாவது கூடுதல் உலோகம் நிற்கும் குழி, வைத்தேன். ஊற்றுவாயை முன்பு கையின் முனையில் விட்டிருந்தேன். இப்போது ரைசருக்குள் திறக்கும்படி மாற்றினேன். கடைசியாக வரும் சூடான உலோகம் அங்கேயே தங்கும், குண்டு உறைந்து முடிகிறவரை ரைசர் திரவமாக நின்று ஊட்டும். கைப்பிடி எடை கால் கிலோ, ரைசரும் வாய்க்காலும் சேர்ந்து அதைவிட அதிகம். அதை அறுத்து அடுத்த முறை மூசையில் போட்டுக்கொள்ளலாம் என்பதால் வீண் இல்லை.

சித்திரை, வைகாசியில் வேலை ஓடவில்லை, வெயிலில் உலைப் பக்கம் நிற்கவே முடியாது. ஆனியில் திரும்ப ஆரம்பித்தபோது காற்று பிடித்துக்கொண்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கரிப்பொறி தென்னை ஓலை வரை பறந்தது. அதனால் விடிகாலை நாலரைக்கு உலை மூட்டினேன். அந்த இருட்டில் மூசையின் விளிம்பு மங்கிய சிவப்பில் தெரிந்தது, நான் இதுவரை பார்த்ததில் அழகான ஒன்று. இடுக்கியையும் கசடு எடுக்கும் கரண்டியையும் உலை வாயில் சூடாக்கிக்கொண்டேன். பனி படிந்த இரும்பை உருகிய உலோகத்துக்குள் விட்டால் தெறிக்கும். ஏட்டை ஒதுக்கி, மூசையின் வாயை அச்சுக்கு மிக அருகில் வைத்து, நிறுத்தாமல் ஒரே ஒழுக்காக ஊற்றினேன். ஐந்து விநாடி இருக்கும். ரைசர் நிறைந்து, கொஞ்ச நேரத்தில் அதன் நடு மெல்ல உள்வாங்கியது. குழி விழ வேண்டியது அங்கே விழுகிறது என்று புரிந்தபோது தனியாக நின்று சிரித்தேன்.

ரைசரை ஹேக்சா பிளேடால் அறுக்க அரை மணி நேரம் ஆனது. அறுத்த முகத்தில் ஒரு துளை இல்லை. சதுரத் துளை ராவி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அலுமினியம் மெத்து என்பதால் துளை தேய்ந்து தளரும். பக்கவாட்டில் ஒரு ஸ்குரூ போட்டு இறுக்கியிருக்கிறேன்.

இதற்கு அப்புறம் வீட்டில் வார்ப்புகளாகவே கண்ணில் படுகின்றன. சீலிங் ஃபேன் மூடியில் அச்சிலிருந்து வெளியே தள்ளிய ஊசிகளின் தடம் வட்ட வட்டமாக இருக்கிறது, அது இரும்பு அச்சில் அழுத்தி வார்த்தது. கிணற்று மோட்டாரின் வெளிக்கூடு சொரசொரப்பாக, நடுவில் மெல்லிய கோடு ஓட இருக்கிறது, அது என்னுடையது போல மணலில் வந்தது. அந்தக் கோட்டைத் தடவும்போது யாரோ ஒருவர் கரண்டியால் மண் செதுக்கிய இடம் என்று தெரிகிறது.

ஆடிப்பெருக்கன்று அம்முச்சி சந்தகை பிழிந்தார். ஆறு ஈடு. முதல் ஈட்டுக்கு நான் பக்கத்திலேயே நின்றேன். “லேசா இருக்குது கண்ணு, கை வலிக்கல” என்றார். தேங்காய்ப்பால் ஊற்றி மாமாவுக்கு ஒரு தூக்குப் போசியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். போசியைக் கீழே வைத்துவிட்டு முதலில் ரைசர் அறுத்த துண்டைத்தான் கேட்டார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் கீறினார், பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.