சீனத் தூரிகை எழுத்து பழகுபவர்களுக்கு: கோட்டைத் தனியாகப் பார்க்காதீர்கள்

சீனத் தூரிகை எழுத்து கற்க வருபவர்களுக்கு முதலில் 'யோங்' என்ற எழுத்தைத்தான் கொடுப்பார்கள். அதில் எட்டு அடிப்படைக் கோடுகளும் அடங்கியிருக்கின்றன. எழுதிப் பழகுங்கள், நல்லதுதான். ஆனால் எட்டும் தனித்தனியே அழகாக வந்த பிறகும் மற்ற எழுத்துகள் நொண்டியடிக்கும், ஏனென்றால் ஒரு கோடு அடுத்ததோடு எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்பதை நாம் இன்னும் பழகவே இல்லை.

என்னைக் கேட்டால் 'மூன்று' என்பதற்கான எழுத்தைக் கையில் எடுங்கள். மூன்று கிடைக்கோடுகள், அவ்வளவுதான். நடுக்கோடு குட்டை, அடிக்கோடு நீளம். வளைவும் வேறு வேறு: மேல்கோட்டின் நடு லேசாகத் தொய்ந்திருக்கும், அடிக்கோட்டின் நடு லேசாக எழும்பியிருக்கும். மூன்றையும் ஒரே மாதிரி போட்டால் ஏணிப்படிதான் கிடைக்கும்.

அப்புறம் பல எழுத்துகளின் இடப்பக்கத்தில் வரும், நீரைக் குறிக்கும் மூன்று துளிகள். நடுத்துளி கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்கும். மூன்றாவது கீழிருந்து மேலே சுண்டிவிட்டதுபோல் எழும்; அதன் நுனி, வலப்பக்கப் பகுதியின் முதல் கோடு தொடங்கப்போகும் இடத்தை நோக்கியிருக்கும். தூரிகை காகிதத்தை விட்டு எழுந்தாலும் கை காற்றில் அடுத்த கோட்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்க வேண்டும். இது பிடிபடவில்லை என்றால், அதே எழுத்தை ஷிங்ஷு என்ற ஓடும் நடையில் எழுதிய மாதிரி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் பழகும், கோடுகள் தனித்தனியே நிற்கும் 'கைஷு' என்ற நடையில் காற்றில் மறைந்துபோகிற பாதை அங்கே மெல்லிய மை இழையாகவே விழுந்திருக்கும்.

விட்டுக்கொடுப்பதும் உண்டு. இரண்டு மரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் 'காடு' எழுத்தில், இடது மரத்தின் வலப்பக்கம் கீழே சரியும் நீண்ட கோடு, அதாவது வீச்சு, சுருங்கி வெறும் புள்ளியாகிவிடும், இல்லையென்றால் வலது மரத்துக்கு இடமே இருக்காது. பொதுவாக ஓர் எழுத்தில் நீண்ட வீச்சு ஒன்றுதான்.

மாதிரி ஏடு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். ஆரம்பத்தில் ஒருவரையே பிடித்துக்கொள்ளுங்கள். 632இல் சீன எழுத்துக் கலைஞர் ஓயாங் ஷுன் எழுதிய ஜியுசெங் அரண்மனைக் கல்வெட்டில் எதிரெதிர் செங்குத்துக் கோடுகள் உள்பக்கம் ஒடுங்கும். இன்னொரு பெரிய எழுத்துக் கலைஞரான யான் ஜென்சிங்கின் பிற்காலக் கல்வெட்டுகளில் வெளிப்பக்கம் உப்பும். இதில் ஒன்று அதில் ஒன்று என்று எடுத்தால் எழுத்து சேர்ந்து நிற்காது.

ஷுவான் என்ற தூரிகை எழுத்துக்கான சீனக் காகிதத்துக்கு இப்போதே பணத்தைக் கொட்டாதீர்கள், கட்டம் போட்ட மலிவுத்தாள் போதும். எழுதி முடித்ததும் தாளைத் தலைகீழாகத் திருப்பி, மையை விட்டுவிட்டு இடையிலுள்ள வெள்ளையை மட்டும் பாருங்கள். எந்தக் கோடு பக்கத்துக் கோட்டை நெருக்குகிறது என்று உடனே தெரிந்துவிடும்.