முள் விற்கிறவன் வாங்கிய முள்

நாகப்பட்டினத்தில் துறைமுகம் போகிற வழியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. தூண்டில் முள், தங்கூசி, ஈயக்குண்டு, மிதவை, வலை நூல் எல்லாம் கிடைக்கும். எங்கள் பக்கம் நம் தொண்டையில் சிக்குவதும் முள், மீனின் வாயில் மாட்டுவதும் முள். நான் விற்பது இரண்டாவது.

அப்பா ஒரு டால்டா டப்பாவில் பழைய முட்களைப் போட்டு வைத்திருந்தார். நம்பர் போட்ட கம்பெனி முள் வருவதற்கு முன்னால் கொல்லுப்பட்டறையில் அடித்தவை. ஒன்று போல் இன்னொன்று இருக்காது. சுறாவுக்கு அடித்தது என் உள்ளங்கை அகலம். 2004 டிசம்பர் 26 அன்று கடையோடு அந்த டப்பாவும் போனது. அன்றைக்கு ஊரில் போனதையெல்லாம் நினைத்தால் ஒரு டப்பாவைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கும், பேசியதும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கே பழைய முள்ளைப் பார்த்தாலும் காசைக் கொடுத்து வாங்கிவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. இப்போது வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய முள். வருகிறவர்கள் கப்பு, கேடயம் என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்புவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இணையத்தில் ஒரு முள் கண்ணில் பட்டது. மாவோரி, அதாவது நியூசிலாந்துப் பூர்வகுடிகளின், தூண்டில் முள், திமிங்கில எலும்பு, நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்று போட்டிருந்தான். பதினான்காயிரம் ரூபாய். வீட்டில் சொல்லாமல் வாங்கினேன். பெட்டி வந்தது. பார்க்க அழகுதான். கடைப்பையன் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஓரத்துல கோடு ஓடுதே, அச்சுல ஊத்துன மாதிரி" என்றான். ஊசியைப் பழுக்கக் காய்ச்சி உட்புறத்தில் வைத்தோம். எலும்பு என்றால் முடி கருகின வாசனை வரவேண்டும். வந்தது பிளாஸ்டிக் வாளி உருகுகிற வாசனை. விற்றவனுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. அப்புறம் தோன்றியது, அது நிஜமாகவே திமிங்கில எலும்பாக இருந்திருந்தால் என் கதி இன்னும் மோசம், வனத்துறைதான் வீட்டுக்கு வந்திருக்கும்.

ஏமாந்த கடுப்பில்தான் மாவோரி பொருட்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் கொஞ்சம் ஆறுதலும் கிடைத்தது. இங்கிலாந்தில் டார்க்கீ ஊரில் ஜேம்ஸ் லிட்டில் என்று ஒருவன் இருந்திருக்கிறான். மாவோரி மரச்செதுக்குகளைத் தானே செய்து, பழசு என்று பெரிய பெரிய சேகரிப்பாளர்கள் தலையிலேயே கட்டியிருக்கிறான். பௌனமு என்கிற பச்சைக் கல், நியூசிலாந்தின் தென் தீவில் மட்டும் கிடைப்பது, அதைக் கப்பலில் ஜெர்மனியின் ஈடார்-ஓபர்ஸ்டைனுக்கு அனுப்பி, அங்கே பட்டறையில் ஹெய் டிக்கி என்கிற, கழுத்தில் போடும் மனித உருவப் பதக்கங்களாக அறுத்துத் திரும்ப நியூசிலாந்துக்கே கொண்டுவந்து விற்றார்கள். இது நடந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆக, என் பதினான்காயிரம் ஒரு நீண்ட வரிசையில் கடைசியில் நிற்கிறது.

போன வருஷம் மகளுக்குப் பிரசவம். ஆக்லாந்தில் செவிலியராக இருக்கிறாள். நானும் மனைவியும் போய் மூன்று மாதம் இருந்தோம். பேரனைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஆக்லாந்து அருங்காட்சியகத்தில்தான் கழிந்தது. அங்கே டெ டோக்கி அ டாப்பிரி என்று ஒரு போர்ப்படகு நிற்கிறது. 25 மீட்டர் நீளம், நூறு பேர் ஏறலாம். கட்டியது 1836 வாக்கில். படகுக்காரன் ஊரில் பிறந்தவன் நான், அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஆனால் நான் நின்றது என்னவோ முட்களின் முன்னால்தான்.

முள்ளுக்கு அவர்கள் சொல் மட்டாவ். ஆதியில் மோவா என்கிற பெரிய பறவையின் எலும்பில் ஒரே துண்டாகச் செய்தார்கள். வேட்டையாடி மோவா அழிந்தது. அப்புறம் அவ்வளவு பெரிய எலும்புக்கு எங்கே போவது? தண்டு மரம், முனை எலும்பு என்று இரண்டாகச் செய்து நாரால் கட்டினார்கள். இரும்பு கிடையாது. மரமும் எலும்பும் இரும்பு மாதிரி இழுவை தாங்காது. அதனால் முள்ளின் வடிவத்திலேயே வேலையைக் காட்டியிருக்கிறார்கள். முனை வெளியே பார்க்காது. உள்பக்கமாக வளைந்து தண்டைத் தொடப்போகிற மாதிரி இருக்கும், இடையில் சின்ன வாசல். முதலில் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு இதில் எப்படி மீன் மாட்டும் என்று சந்தேகம். மீன் இரையை விழுங்கித் திரும்பும்போது கயிறு இறுகி, முள் தானே சுழன்று, வாயோரத்தில் கோத்துக்கொள்கிறது. வெடுக்கென்று இழுக்கவே கூடாது. குத்துகிற முள் இல்லை, பூட்டுகிற முள்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை எனக்கு இல்லை, ஏனென்றால் இதே சங்கதியை நான் கடையில் விற்கிறேன். சூரைக்கு ஆயிரங்கால் தூண்டில் போடுகிறவர்கள் கேட்கிற வட்ட முள் இதே தத்துவம்தான். முதல் முதலில் அதை வாங்கிப்போன ஒருவர் இரண்டாம் நாளே திரும்பி வந்து, "இது என்ன தம்பி, மோதிரம் மாதிரி இருக்கு?" என்று மேசையில் போட்டது ஞாபகம் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து அவரே வந்து இரண்டு பெட்டி வாங்கினார்.

கண்ணாடிக்குள் இருந்த ஒரு முள்ளில் பழைய நார்க்கட்டு அப்படியே இருந்தது. நார் கறுத்து, இறுகி, தண்டோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறவில்லை. நாங்கள் தங்கூசியை முள்ளில் கட்டும்போது கடைசிச் சுற்றை அடியில் நுழைத்து இழுப்போம். அதையே அவரும் செய்திருந்தார், யாரோ. முதலில் மக்குவது நார்தான், அதனால் எனக்கு எலும்பைவிட அந்தக் கட்டுதான் அபூர்வமாகப் பட்டது. பக்கத்தில் கஹவாய் மீனுக்கான முள். மரத்தண்டின் ஒரு பக்கம் பாவா சிப்பியைப் பதித்து, தண்ணீரில் இழுத்துப்போனால் சிறுமீன் ஓடுவது மாதிரி மினுங்கும். ஹீனாகி என்று ஒரு விலாங்குக் கூடும் இருந்தது. கொடியால் பின்னியது, உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி இல்லை. மடை வாயில் வைக்கிற நம் பறியைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மரப்பெட்டி ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வக்கா ஹூயா என்று பெயர். ஹூயா பறவையின் இறகையும் நகைகளையும் வைக்கிற பெட்டி. மேல்மூடியைவிட அடிப்பக்கத்தில் செதுக்கு வேலை குறைவில்லாமல் இருந்தது. ஏன் என்று கேட்டேன். கூரையில் கட்டித் தொங்கவிடுவார்களாம், கீழே உட்கார்ந்திருக்கிறவர்கள் கண்ணுக்கு அடிதானே தெரியும். அந்தப் பறவை இப்போது இல்லை. 1901இல் வந்த ஆங்கில இளவரசர் தொப்பியில் அந்த இறகைச் செருகிக்கொள்ள, ஆளாளுக்கு இறகு கேட்டார்கள். 1907இல் கடைசியாகப் பார்த்ததாகப் பதிவு. சேகரிக்கிறவன் என்கிற முறையில் எனக்கு இது கொஞ்சம் உறைத்தது.

ஒரு பழம்பொருள் கடையில் நிஜ முள் ஒன்றை விலை கேட்டேன். கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வி: "பதிவு செய்த சேகரிப்பாளரா?" அங்கே ஐம்பது வருஷத்துக்கு மேல் பழைய மாவோரி பொருளுக்குத் தனிச் சட்டம். 1976 ஏப்ரலுக்குப் பிறகு மண்ணிலோ சதுப்பிலோ எது கிடைத்தாலும் முதலில் அரசுக்குச் சொந்தம். உரிமை யாருக்கு என்பது அப்புறம் முடிவாகும். அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போகாது. கடுப்பாக இருந்தது, ஆனால் நம் ஊரிலும் 1972 சட்டம் இருக்கிறது, நூறு வருஷச் சிலையை நான் பெட்டியில் போட்டு எடுத்துப்போக முடியுமா?

நியூசிலாந்துச் சட்டத்தைப் பற்றிப் பேசினால் ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். 1972இல் மோட்டுநுயி என்ற இடத்தில் சதுப்புக்குள்ளிருந்து ஐந்து செதுக்குப் பலகைகள் கிடைத்தன. பகைவர் கையில் சிக்காமல் இருக்க எப்போதோ சேற்றில் புதைத்தவை. கள்ளத்தனமாக வெளியே போய் ஜெனீவாவில் ஜார்ஜ் ஓர்ட்டிஸ் என்ற பணக்காரரிடம் சேர்ந்தன. 1978இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது நியூசிலாந்து அரசு வழக்குப் போட்டது, மேல்முறையீடு வரை போய் 1983இல் தோற்றது. படித்தபோது எனக்குப் பத்தூர் நடராசர் ஞாபகம் வந்தார். நம் திருவாரூர்ப் பக்கத்தில் 1976இல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்து, கைமாறி லண்டன் போய், அங்கேயே நீதிமன்றத்தில் வழக்காடி 1991இல் ஊர் திரும்பியவர். அதே ஊர் நீதிமன்றங்கள்தான். நம் சாமி ஜெயித்தார், அவர்கள் பலகைகள் தோற்றன. கடைசியில் 2014இல் 45 லட்சம் நியூசிலாந்து டாலர் கொடுத்து அரசு வாங்கித்தான் அவை ஊர் வந்தன. நம்முடைய வழக்கில் கோயிலின் சிவனே ஒரு வாதி என்பதை அங்கிருந்த ஒரு மாவோரிப் பெரியவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அப்படித்தானே இருக்க வேண்டும் என்பது போலத் தலையாட்டினார்.

நான் வாங்கியது சனிக்கிழமைச் சந்தையில், புது முள். செதுக்கிய இளைஞர் மாட்டெலும்பு என்று உடைத்துச் சொன்னார், தன் பெயரையும் தன் குலத்தின் பெயரையும் சொன்னார். பழசு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அலமாரியில் இருப்பதிலேயே செய்தவர் பெயர் தெரிந்த முள் அது ஒன்றுதான். அப்பாவின் டப்பாவில் இருந்தவற்றை அடித்த கொல்லர் யார் என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

கூடை வந்த கதை வேறு. மகளோடு வேலை பார்க்கும் ஒரு மாவோரி அம்மா எங்களைத் தன் வீட்டுத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஹரகெகே என்கிற புதர், வாள் மாதிரி நீள இலை. நடுக்குருத்து குழந்தை, அதன் இரண்டு பக்கமும் நிற்பவை அப்பா அம்மா, அவற்றில் கை வைக்கக் கூடாது. ஓரத்தில் இருக்கும் தாத்தா பாட்டி இலைகளைத்தான் அறுக்க வேண்டும். மழையில் அறுக்கக் கூடாது, இருட்டிலும் கூடாது. என் மனைவி திருவையாற்றுப் பக்கம் வாழைக்கொல்லையில் வளர்ந்தவள். நான் பாதி மொழிபெயர்க்கும்போதே, "குருத்தை வெட்டினா அப்புறம் என்ன இருக்கும்?" என்று புதருக்குள் குனிந்துவிட்டாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை, ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

புறப்படும் நாளில் அந்த அம்மா ஒரு கெட்டே, அதாவது கைப்பிடி வைத்த கூடை, பின்னிக் கொண்டுவந்தார். கொடுக்கும் முன் மகள் மூலமாகக் கேட்டார்: சாப்பாட்டுச் சாமான் வைக்கவா, துணிமணி வைக்கவா? இரண்டையும் ஒரே கூடையில் கலப்பது அவர்களிடம் கிடையாது. மனைவி யோசிக்கவே இல்லை. "சமையலுக்கு."

இதற்கு நடுவில் ஒரு மணியின் கதை. நாகப்பட்டினத்துக்காரன் நியூசிலாந்தைப் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நாகூர்க்காரர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். 1836இல் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி, வாங்கரை பக்கம் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது பாத்திரம் இல்லை, விளிம்பு உடைந்த கப்பல் மணி, 13 சென்டிமீட்டர் உயரம். சுற்றிலும் தமிழ் எழுத்து. முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று பொருள். புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது என்று அவர்கள் சொன்னார்களாம். இப்போது வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். தமிழன்தான் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தான் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்கெல்லாம் அந்த மணி பொறுப்பில்லை. கடலில் கப்பல் உடைந்தால் மணி எங்கே வேண்டுமானாலும் போகும். அது எந்தத் துறையில் ஏறியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நாகூர்க் கப்பலாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள மட்டும் எனக்குப் பிடிக்கும்.

ஊருக்கு வந்ததும் புது முள்ளை அலமாரியில் மேல் தட்டில் மாட்டினேன். பக்கத்தில் கெட்டே. துணி போட்டுத் துடைத்து, ஒரு சின்ன அட்டையில் பெயர் எழுதி, விளக்கு கூடப் போட்டேன். நான்கு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் அட்டை மட்டும் நின்றது.

மனைவி அக்கரைப்பேட்டையிலிருந்து ஒன்பது மணிக்கு வந்தாள். கெட்டே கையில், அதற்குள் பாலித்தீனில் ஒரு கிலோ நெத்திலி, மேலே கறிவேப்பிலை.

"ஏங்க, சமையலுக்குன்னுதானே வாங்கிட்டு வந்தோம்? அந்தம்மா கேட்டாங்கள்ல?"

நெத்திலியை நான்தான் ஆய்ந்தேன்.