ஏணியில் ஏறாமல் போட்ட டிக்

ஏசி பொருத்தும் வேலையில் 6 வருடம் இருந்த பிறகுதான் கமிஷனிங் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பொருத்தி முடித்ததை ஓடவிட்டு, அளந்து, சரிசெய்து, உரிமையாளர் கையில் ஒப்படைக்கிற வேலை. 8 மாடி அலுவலகக் கட்டடம், தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் 2, அந்தத் தண்ணீரால் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் ஏஎச்யூ தளத்துக்கு ஒன்றாக 8, சில்லரின் சூட்டை வெளியேற்ற மொட்டை மாடியில் கூலிங் டவர். 6 வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். 11 வாரம் ஆனது. அதில் பெரும்பகுதித் தாமதத்துக்கு நான்தான் காரணம்.

முதல் வேலை ஃப்ளஷிங். புதுக் குழாய்க்குள் வெல்டிங் கசடு, துரு, மண் என்று எல்லாம் கிடக்கும். அது ஏஎச்யூவுக்குள் காற்றைக் குளிர்விக்கும் காயிலின் மெல்லிய குழாய்களுக்குள் போய் அடைத்தால் தொலைந்தோம். அதனால் காயிலின் இரண்டு பக்க வால்வுகளையும் மூடிவிட்டு, காயிலுக்குள் போகாமல் தண்ணீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வைத் திறந்து, தண்ணீரை வேகமாகச் சுற்றவிட வேண்டும். கசடைப் பிடிக்கும் ஸ்ட்ரெயினரைக் கழற்றிக் கழுவி மாட்டுவது, மறுபடி ஓடவிடுவது, மறுபடி கழற்றுவது. 4 நாள் கறுப்பாகவே வந்தது. 5ஆம் நாள் தெளிந்தது. அப்புறம் காயில் வால்வுகளைத் திறந்து, பைபாஸை மூடி, மருந்து கலந்து குழாயை நிரப்பினோம்.

அடுத்து ஃபேன்கள். சுற்றும் திசை சரியா என்று பார்ப்பது குழந்தை வேலை மாதிரித் தெரியும். நடுவில் காற்றை இழுத்து விளிம்பு வழியே வீசும் சென்ட்ரிஃபியூகல் ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வெளியே வரும், அளவுதான் குறையும். அதனால் கையை நீட்டிப் பார்த்துவிட்டு 'காற்று வருது, சரி' என்று நகர்ந்துவிட முடியாது. 3ஆம் மாடியில் அப்படி ஒன்று தலைகீழாகச் சுற்றியது. எலக்ட்ரீஷியன், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டிக்கு உள்ளே வரும் வயர்களில் இரண்டை மாற்றிப் போட்டார். திசை மாறவில்லை. மறுபடி மாற்றினார், மாறவில்லை. விஎஃப்டி உள்ளே வரும் மின்சாரத்தை டிசியாக்கிவிட்டு, தானே புதிதாக மூன்று ஃபேஸ்களை உண்டாக்குகிறது. உள்ளே வரும் வரிசை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மோட்டாருக்குப் போகும் பக்கத்தில் மாற்றியதும் உடனே சரியானது. அரை நாள் போச்சு.

காயிலில் வேர்த்து வடியும் தண்ணீரை வெளியேற்றும் டிரெயினும் ஒரு நாளைத் தின்றது. காயிலுக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் காற்றை இழுக்கும் ஏஎச்யூவில் தண்ணீர்த் தட்டு இருக்கும் இடம் உறிஞ்சும் அழுத்தத்தில் இருக்கும். டிரெயின் குழாயில் போதுமான ஆழத்துக்கு யூ வளைவு இல்லாவிட்டால் வெளிக்காற்று அந்தக் குழாய் வழியே உள்ளே ஏறும், தண்ணீர் இறங்காது. ஃபேனை நிறுத்தியதும் தட்டில் நின்றதெல்லாம் மொத்தமாகக் கொட்டும். எங்களுக்குத் தரையில் கொட்டியது.

காற்று பேலன்சிங்கில், அதாவது ஒவ்வொரு இடத்துக்கும் உரிய காற்று போகும்படி சரிசெய்வதில், நான் ரசித்துச் செய்தது ஒன்று உண்டு. முதல் தளத்தில் காற்று வெளியே வரும் ஒவ்வொரு கிரில்லாகப் போய், வடிவமைப்புப் படத்தில் இருக்கும் அளவு வரும்வரை காற்று வழியைக் குறுக்கும் டேம்பரைத் திருகினேன். 20ஆவது கிரில்லை முடித்துவிட்டு வந்து பார்த்தால் முதல் கிரில்லில் அளவு மாறியிருக்கிறது. ஒன்றை மூடினால் அந்தக் காற்று இன்னொன்றில் போகத்தானே செய்யும்! சரியான முறை வேறு. எல்லா டேம்பர்களையும் முழுக்கத் திறந்துவிட்டு அளந்து, தனக்குரிய அளவில் மிகக் குறைந்த சதவீதம் எந்த கிரில்லுக்கு வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தொடக்கூடாது. மற்றவற்றையெல்லாம் அதே சதவீதத்துக்கு இறக்கிக்கொண்டு வர வேண்டும். எல்லாம் 80 சதவீதத்தில் ஒத்து நின்றுவிட்டால் அப்புறம் ஃபேன் வேகத்தை மட்டும் கூட்டினால் போதும், அத்தனையும் சேர்ந்து ஏறும். வேகத்தைக் கைக்கு வந்தபடி கூட்டவும் கூடாது. காற்று வேகத்தின் விகிதத்தில் கூடும், மின்சாரமோ வேகத்தின் கன விகிதத்தில் (வேகம் × வேகம் × வேகம்) கூடும். வேகத்தை 10 சதவீதம் குறைத்தாலே மின்சாரம் கால்பங்குக்கு மேல் மிச்சம்.

இதுவரை எல்லாம் சில்லறைத் தொல்லை. ஆள் இல்லாத கட்டடம் என்பதால் தளம்தோறும் ஹீட்டர்களை வைத்துச் சூடேற்றி, முழு அமைப்பையும் ஓடவிட்டபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. குளிர்ந்த நீர் 7 டிகிரியில் போய் 12 டிகிரியில் திரும்ப வேண்டும். எங்களுக்கு 9 டிகிரியில் திரும்பியது. நொடிக்கு 30 லிட்டர் ஓடும்போது 5 டிகிரி ஏறினால் அது சுமார் 630 கிலோவாட், ஏசி திறனை அளக்கும் கணக்கில் கிட்டத்தட்ட 180 டன். 2 டிகிரிதான் ஏறுகிறது என்றால் 250 கிலோவாட். அதாவது தண்ணீர் ஊர் சுற்றிவிட்டு வெறும் கையோடு திரும்புகிறது. 5ஆம், 6ஆம் மாடிகள் குளிரவில்லை. கட்டுப்பாட்டுக் கணினியின் ஸ்கிரீனில், காயிலுக்குப் போகும் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் தளங்களின் கன்ட்ரோல் வால்வுகள் 100 சதவீதம் திறந்திருப்பதாகப் பச்சையாகக் காட்டியது.

தண்ணீர் போதவில்லை என்று நினைத்து பம்ப்பை 42 ஹெர்ட்ஸிலிருந்து 50க்கு ஏற்றினேன். திரும்பும் தண்ணீர் இன்னும் குளிர்ந்தது. அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. சில்லர் மேல் சந்தேகப்பட்டு ஆள் வரவழைத்ததில் 3 நாள் போனது. சென்சார்களைக் கழற்றி ஐஸ் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக 0 காட்டின.

பைப்பிங் ஃபோர்மேன் வயதில் மூத்தவர். 2 நாள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எல்லாத்தையும் ஸ்கிரீன்லயே பார்க்குறீங்க. வால்வைப் போய்ப் பார்த்தீங்களா?"

"பார்த்தாச்சு அண்ணே, செக்லிஸ்ட்டுல இருக்கு."

"செக்லிஸ்ட்டு கிடக்கட்டும். ஏணியை எடுங்க."

5ஆம் மாடி ஏஎச்யூ அறையில் ஏறினார். இன்சுலேஷனுக்கு வெளியே பைபாஸ் வால்வின் கைப்பிடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, அதில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் கிடந்தது. முழுத் திறப்பு. காயிலின் மெல்லிய குழாய்களுக்குள் நெருக்கியடித்துப் போவதைவிட பைபாஸ் வழி தண்ணீருக்குச் சுலபம், அது அப்படியே திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. பம்ப்பை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அந்தக் குறுக்கு வழிக்குத்தான் கூடுதல் தண்ணீர். 6ஆம் மாடியிலும் அதே கதை. 2ஆம் மாடியில் பாதி மூடியிருந்தது.

ஃப்ளஷிங் முடிந்த அன்று மாலை "பைபாஸ் மூடப்பட்டது" என்ற கட்டத்தில் 8 தளங்களுக்கும் டிக் போட்டது என் கை. நான்கு தளங்களில் ஏறிப் பார்த்தேன். மீதியில் கீழே நின்று டார்ச் அடித்தேன். மணி 8 ஆகிவிட்டிருந்தது, ஏணி வேறு தளத்தில் இருந்தது. அவரிடம் அதைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கைப்பிடியைத் திருப்பிவிட்டுக் கீழே இறங்கினார்.

மூன்றையும் மூடி, பம்ப்பைப் பழைய வேகத்துக்கு இறக்கினோம். ஒரு மணி நேரத்தில் திரும்பும் தண்ணீர் 11.6 டிகிரிக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது சில்லர் தேவையில்லை என்று தானாகவே நின்றது.

தீயணைப்புச் சிக்னல் சோதனை அதற்கடுத்த வாரம் ஒரே காலையில் முடிந்தது. அலாரம் அடித்ததும் ஏஎச்யூக்கள் நின்றன, மாடிப்படிக்குக் காற்றழுத்தம் தரும் ஃபேன் ஓடியது, கதவை ஒரு கையால் தள்ளித் திறக்க முடிந்தது. ஆனால் அதற்கு முன்னால் என் செக்லிஸ்ட் மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, ஏணியோடு 8 தளமும் ஏறி இறங்கி முதலிலிருந்து நிரப்பினேன். புதுத் தாளில் 'சரி' என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது "கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டிலா, குறுக்கேயா?" என்று இருக்கிறது.