மே மாதத்து ஆக்சஸ் வேலைகள்

மே 6, செவ்வாய்

காலை டீ ஆறுவதற்குள் ராணிப்பேட்டை தோல் கடையிலிருந்து போன். "சார், இன்னிக்கு பில் போட்டது ஒண்ணுமே ரிப்போர்ட்ல வரல. மாசம் பொறந்தா இதே ரோதனை." கணக்கு எழுதுகிற அக்காதான். அந்தக் கடையின் பில் புரோகிராமை மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸில் யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். போன மாதம்தான் பராமரிப்பு என் தலைக்கு வந்தது.

எந்தத் தேதி வரைக்கும் இப்படி இருக்கும் என்று கேட்டேன். பத்து, பன்னிரண்டு வரைக்கும் தகராறு, அப்புறம் தானாகவே சரியாகிவிடும் என்றார். நேற்று எப்படி? "நேத்து நல்லா வந்துச்சே சார்."

நேற்று 05-05. போனிலேயே பாதி வேலை முடிந்தது. வினவலுக்குள், அதாவது டேபிளிலிருந்து தகவல் கேட்கும் கட்டளைக்குள், தேதியை இரண்டு # குறிகளுக்கு நடுவே வைத்தால், ஆக்சஸ் அதை அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் என்றுதான் படிக்கும். விண்டோஸில் இந்திய தேதி அமைப்பு இருந்தாலும் அது கண்டுகொள்ளாது. புரோகிராம் எழுதியவர் ஃபார்மில் இருக்கும் தேதியை அப்படியே ஒட்டியிருப்பார். 06-05 என்று போனால் ஜூன் 5 என்று தேடும். ஜூன் 5-க்கு ஏது பில்? 13-ஆம் தேதி வந்தால் பதின்மூன்றாவது மாதம் இல்லையே என்று தானாகவே திருப்பிப் போட்டுக்கொள்ளும். அதனால்தான் பாதி மாதத்துக்கு மேல் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. 05-05-ஐ எப்படிப் படித்தாலும் ஒன்றுதான்.

காலியாக வந்தால்கூடப் பரவாயில்லை, தப்பு என்று தெரியும். ஜூன் 5 அன்று ரிப்போர்ட் எடுத்தால் மே 6 பில்களை இன்றைய விற்பனை என்று காட்டும். அதை யார் கண்டுபிடிப்பது? மாத ஆரம்பத்தில் லோடு ஜாஸ்தி என்று சொல்லி ஒருவர் இவர்களுக்குக் கூடுதல் ரேம் வேறு விற்றிருக்கிறார்.

மே 7, புதன்

ராணிப்பேட்டை போனேன். ஃபைலை முதலில் பென் டிரைவில் ஒரு காப்பி. எவ்வளவு அவசரம் என்றாலும் மூலத்தில் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.

கோடில் # குறியைத் தேடினால் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திருத்தினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். சின்னதாக ஒரு ஃபங்ஷன் எழுதி, எந்தத் தேதி வந்தாலும் வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில் # போட்டுத் திருப்பித் தரும்படி செய்துவிட்டு, எல்லா இடத்திலும் அதையே கூப்பிட வைத்தேன். வருடம் முன்னால் நின்றால் குழப்பத்துக்கு இடமில்லை. புதிதாக எழுதுவதாக இருந்தால், தேதியை எழுத்தாக ஒட்டாமல் தனி மதிப்பாகக் கொடுக்கும் பாராமீட்டர் வினவல்தான் வைப்பேன்.

இன்னொன்றும் சிக்கியது. பில் தேதிக்கு 'டேட்' என்பதற்குப் பதில் 'நவ்' போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் தேதியோடு மணியும் சேர்ந்து பதிவாகும். ஆக்சஸ் தேதியை ஒரு தசம எண்ணாக வைத்திருக்கிறது: முழு எண் நாள், தசமப் பகுதி நேரம். தினசரி ரிப்போர்ட் நாள் முழுவதையும் கேட்பதால் தப்பித்தது; வேறு எங்காவது 'இன்றைய தேதிக்குச் சமம்' என்று கேட்டால் நள்ளிரவு சரியாக 12 மணிக்குப் போட்ட பில் மட்டும்தான் வரும். இன்று முதல், நாளைக்கு முன்பு வரை என்று கேட்க வேண்டும்.

கிளம்பும்போது அக்கா, ஆடிட்டர் டேலியில் சரிபார்த்தால் சில பில்களில் ஒரு ரூபாய் இடிக்கிறது என்றார். கோடில் 'ரவுண்ட்' இருந்தது. ஆக்சஸின் புரோகிராம் மொழியான விபிஏவின் ரவுண்ட் சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும்: 1.5 என்றால் 2, 2.5 என்றாலும் 2. ஜிஎஸ்டி கூட்டி 50 காசில் நிற்கிற பில்களில் மட்டும் இடித்ததற்குக் காரணம் அதுதான். தொகையை கரன்சி வகையில் வைத்து, அரையைக் கூட்டி முழு எண்ணை எடுக்கும்படி மாற்றினேன். தோலின் சதுர அடி, தசம எண்ணை இரும முறையில் வைக்கும் டபுள் வகையில் இருந்தது, அதை விட்டுவிட்டேன். கால் அடி, அரை அடிக் கணக்கு இரும எண்ணில் பிசிறில்லாமல் நிற்கும். 0.1 போன்றவைதான் பிசிறடிக்கும்.

மே 10, சனி

அக்னி நட்சத்திரம். காட்பாடி ஹார்டுவேர் கடையில் மதியம் கரண்ட் போய்விட்டு வந்த பிறகு, 'அடையாளம் தெரியாத டேட்டாபேஸ் வடிவம்' என்று சொல்லி எந்த கம்ப்யூட்டரிலும் ஃபைல் திறக்கவில்லை. நான் போவதற்குள் கடைப் பையன் ஃபைலைச் சுருக்கிச் சரிசெய்யும் காம்பேக்ட் ரிப்பேரைத் தட்டப் பார்த்திருக்கிறான். நல்ல வேளை, முதலாளி தடுத்துவிட்டார். ரிப்பேர் சில சமயம் கெட்டுப்போன வரிகளைத் தூக்கி எறிந்துவிட்டு 'சரி செய்தாச்சு' என்று சொல்லும். அதனால் அதை எப்போதும் காப்பியில்தான் ஓட்டுவேன்.

எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிட்டு ஃபோல்டரைப் பார்த்தால், யாராவது உள்ளே இருக்கும்வரை நிற்கும் பூட்டு ஃபைல் போகாமல் கிடக்கிறது. யாரோ உள்ளே இருக்கும்போதே இணைப்பு அறுந்திருக்கிறது. காப்பியில் ரிப்பேர் ஓட்டியதும் திறந்தது. வாடிக்கையாளர் டேபிளில் மட்டும் ஒரு வரி முழுக்க சீன எழுத்து மாதிரி. குறிப்பு எழுதுகிற மெமோ புலம் இருக்கும் டேபிள் அது. மெமோ, வரியோடு இல்லாமல் வேறு பக்கத்தில் சேமிக்கப்படுவதால் அடி முதலில் அங்கேதான் விழும். கெட்ட வரியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, காலியான புது ஃபைலில் அதே அமைப்பில் டேபிள் செய்து, அதற்கு முன்னால் உள்ளவை, பின்னால் உள்ளவை என்று, வரிகளைச் சேர்க்கும் இரண்டு அப்பெண்ட் வினவலில் ஏற்றினேன். ஆக்சஸ் தானாகப் போடும் ஆட்டோநம்பர்கூட பழைய எண்ணோடே வந்துவிட்டது. அந்த ஒரு வரியை ரசீது புத்தகத்தைப் பார்த்துத் தட்டினார்கள்.

ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது: எல்லா கம்ப்யூட்டருக்கும் யூபிஎஸ் இருக்கிறது, கரண்ட் போனபோது ஒன்றும் அணையவில்லை என்கிறார்கள். பிறகு எப்படி அறுந்தது?

மே 12, திங்கள்

விடை கல்லாவுக்குப் பின்னால், பெயிண்ட் டப்பாக்களுக்கு மேலே இருந்தது. நெட்வொர்க் கேபிள் எல்லாம் வந்து சேருகிற சின்ன ஸ்விட்ச். அதன் அடாப்டர் சாதாரண சுவர் பிளக்கில். கரண்ட் போனால் கம்ப்யூட்டர்கள் எரியும், நடுவில் இருக்கும் ஸ்விட்ச் செத்துவிடும். எழுதிக்கொண்டிருந்த பக்கம் பாதியில் நிற்கும். அடாப்டரை யூபிஎஸ்ஸில் மாட்டினோம். இவ்வளவு நாள் திட்டு வாங்கியது ஆக்சஸ்.

அப்படியே ஃபைலை இரண்டாகப் பிரித்துவிட்டேன்: டேபிள்கள் சர்வரில், ஃபார்மும் ரிப்போர்ட்டும் கோடும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனி காப்பி. ஒரே ஃபைலை எல்லோரும் திறந்து வேலை செய்வது எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும். முதலாளி மகன் வைஃபையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மாடியில் பில் போடுகிறான். கேபிள் இழுத்தால்தான் ஆச்சு என்று சொல்லியிருக்கிறேன். "பார்க்கலாம்ணே" என்றான்.

மே 15, வியாழன்

புதுக் கம்ப்யூட்டரில் 64 பிட் ஆபீஸ் போட்டதும் கோட் கம்பைல் ஆகவில்லை என்று இரண்டு இடத்திலிருந்து போன். விண்டோஸை நேரடியாகக் கூப்பிடும் டிக்ளேர் வரிகளில் 'பிடிஆர்சேஃப்' சேர்த்து, விண்டோஸ் தரும் கைப்பிடி (ஹேண்டில்) எண்களை 'லாங்பிடிஆர்' ஆக்கினால் போதும். ஒருவருக்கு மட்டும், கோட் சார்ந்திருக்கும் லைப்ரரிகளின் ரெஃபரன்ஸ் பட்டியலில் ஒன்று 'மிஸ்ஸிங்' என்று நின்றது; டிக்கை எடுத்ததும் ஓடியது.

மே 20, செவ்வாய்

சத்துவாச்சாரியில் ஒரு ஏஜென்சி. வாடிக்கையாளர்களை மாவட்ட வாரியாகப் பிரித்துத் தரச் சொன்னார்கள். மாவட்டப் புலத்தைத் திறந்தால் வட ஆற்காடு மண்ணின் சரித்திரமே இருக்கிறது: 'வட ஆற்காடு', 'வ.ஆ.', 'வேலூர்', 'வேலூர் மா.', 'ராணிப்பேட்டை', 'இராணிப்பேட்டை'. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்து போனது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அந்தந்தக் காலத்து ஆள் அவரவருக்குத் தெரிந்ததை அடித்திருக்கிறார். ஆம்பூர்க்காரர் பாதிப் பேர் இன்னும் வேலூர் மாவட்டத்தில்.

ஊருக்கு ஒரு டேபிள், மாவட்டத்துக்கு ஒரு டேபிள் போட்டு, வாடிக்கையாளர் வரியில் ஊரின் எண்ணை மட்டும் வைத்தேன். நாளைக்கு அரசு இன்னொரு மாவட்டம் அறிவித்தாலும் ஊர் டேபிளில் சில வரிகளை மாற்றினால் முடிந்தது. பழைய பில்களில் அச்சான முகவரியை மட்டும் தொடவில்லை. 2017 பில்லில் அன்றைக்கு இருந்த மாவட்டம்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

எஸ்டிடி கோடு, போன் நம்பர் என்ற இரண்டு புலமும் லாங் இன்டிஜர், அதாவது முழு எண் வகை. வேலூரின் எஸ்டிடி கோடு 0416-இல் முன்னால் இருக்கிற பூஜ்யத்தைத் தின்றுவிட்டது. செல் நம்பரோ உள்ளேயே போகாது. அந்த வகை 214 கோடிச் சொச்சத்தோடு நின்றுவிடும், 9-இல் தொடங்கும் பத்து இலக்க எண் அதைவிடப் பெரிது. அதனால் இவர்கள் செல் நம்பரை முகவரியின் மூன்றாவது வரியில் அடித்து வந்திருக்கிறார்கள். பார்சல் ஸ்டிக்கரிலும் அதுவே அச்சாகிக்கொண்டிருந்தது. கூட்டிக் கழிக்காத எண் எதுவாக இருந்தாலும் டெக்ஸ்ட்தான்: பின்கோடு, போன், ஜிஎஸ்டி எண் எல்லாம்.

மே 24, சனி

ஆரணி பட்டுக் கடை. பெரியவருக்கு எல்லாச் செய்தியும் தமிழில் வர வேண்டும். டேபிளிலும் ஃபார்மிலும் தமிழ் அழகாக நிற்கிறது. விபிஏ எடிட்டரில் தமிழ் அடித்தால்தான் வரிசையாகக் கேள்விக்குறி; அது எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் தெரியாத பழைய பெட்டி. மெசேஜ் பாக்ஸுக்கும் அதே கதை. செய்திகளை எல்லாம் ஒரு டேபிளில் எண் போட்டு வைத்து, மெசேஜ் பாக்ஸுக்குப் பதிலாக ஒரு சின்ன ஃபார்மைத் திறந்து காட்ட வைத்தேன். கோடில் எண் மட்டும்தான். "எழுத்து இன்னும் பெருசா இருக்கட்டும்ப்பா" என்றார். ஃபார்மில் எழுத்தளவை ஒரே இடத்தில் மாற்றியதும் எல்லாச் செய்தியும் பெரிதாகிவிட்டது.

பழைய வாடிக்கையாளர் பெயர்கள்தான் பாக்கி. யூனிகோடுக்கு முந்திய ஏதோ ஒரு ஃபாண்டில் அடித்தவை. அந்த ஃபாண்டை எடுத்துவிட்டால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன. எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று அட்டவணை போட்டு மாற்ற வேண்டும். கொம்பு எழுத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும், அதைப் பின்னால் தள்ள வேண்டும். ஒகர, ஓகார வரிசையில் இரண்டு பக்கமும் இருப்பதை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதற்குத் தனி ரேட் பேசிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.