பிஷெட் போன பிறகு ஜேஸின் வரிசை

ஸ்காபரோவில் பெப்ரவரி மாதம் என்றால் இரண்டு கதைதான். ஒன்று சினோ, அதாவது பனி. மற்றது, எங்கட ரொறன்ரோ பேஸ்போல் அணியான புளூ ஜேஸ் இந்த வருசம் என்ன செய்யப் போகுது என்பது. எங்கள் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் பிலிப்பைன்ஸ்காரர், கயானாக்காரர், எங்கட ஆட்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர் என்று எல்லோரும் ஒரே மேசையில் இருந்து உரத்துக் கதைப்பது புளூ ஜேஸைப் பற்றி மட்டும்தான். அரசியல் தொடங்கினால் ஒவ்வொருவராக எழும்பிப் போய்விடுவார்கள். பேஸ்போல் தொடங்கினால் போனவர்களும் திரும்பி வருவார்கள்.

யாழ்ப்பாணத்தில் வடக்கின் பெரும்போர் என்ற பள்ளிக்கூடக் கிரிக்கெட் ஆட்டத்துக்குக் கொடி பிடித்துக்கொண்டு போன ஆள் நான். வந்த புதிதில் இந்த விளையாட்டு துண்டாகப் பிடிக்கவில்லை. மட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறான், வீசுகிறான், படவில்லை, போகிறான். இதில் என்ன இருக்கிறது? என்னைப் பிடித்து இழுத்தது மட்டை பிடிக்கும் வரிசைதான். கிரிக்கெட்டில் ஆட்டமிழந்தவனுக்கு அந்த இன்னிங்ஸ் முடிந்தது. இங்கே ஒன்பதாமவன் முடிய மறுபடி முதலாமவன் வருவான். அதனால் யாருக்குப் பின்னால் யார் நிற்கிறான் என்பது பெரிய கணக்கு. பலமானவனுக்குப் பின்னால் பலவீனமானவன் நின்றால், எதிரணி அடிக்க முடியாத பந்துகளாகப் போட்டு, பலமானவனை முதல் பேஸுக்குச் (தளத்துக்கு) சும்மா நடக்க விட்டுவிட்டு அடுத்தவனைப் பிடித்துக்கொள்ளும்.

போன ஒக்டோபரில் அது எல்லோருக்கும் தெரிந்தது. லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டம், லொஸ் ஏஞ்சலிஸில், டொட்ஜர்ஸுக்கு எதிராக. ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டியது 18 இன்னிங்ஸ் போனது. டொட்ஜர்ஸின் ஒட்டானி இரண்டு ஹோம் ரன்னும் (பந்து வேலியைத் தாண்டும் அடி) இரண்டு டபிளும் (இரண்டு பேஸ் ஓடும் அடி) அடித்த பிறகு ஜேஸ் பயந்துபோய் ஐந்து தடவை நடக்க விட்டது. அதில் நாலு, வேண்டுமென்றே விட்டது. கடைசியில் அடுத்தடுத்து நின்றவர்களில் ஒருவனான ஃபிரீமன் ஹோம் ரன் அடித்து முடித்தான். ரொறன்ரோவில் அப்போது விடியப்புறம் மூன்று மணி ஆகிக்கொண்டிருந்தது. இரவு வேலைக்காரருக்கு ஒரு வசதி, நாங்கள் எப்படியும் முழித்திருப்போம். மற்றச் சனம் கண் சிவந்துபோய்ப் பகல் வேலைக்கு வந்தது.

பிறகு நவம்பர் 1, ஏழாம் ஆட்டம். மூன்றாம் இன்னிங்ஸில் முழங்கால் நோவோடு விளையாடிய போ பிஷெட், ஒட்டானியின் பந்திலேயே மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தான். ஒன்பதாம் இன்னிங்ஸில் இன்னும் இரண்டே பேரை ஆட்டமிழக்கச் செய்தால் கிண்ணம் எங்களுக்கு. டொட்ஜர்ஸின் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தான். 11ஆம் இன்னிங்ஸில் அவர்களின் வில் ஸ்மித் இன்னொன்று அடித்தான். 5-4, தோற்றுப் போனோம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அந்த பிஷெட் இப்போது நியூயோர்க் மெட்ஸில். மூன்று வருசம், 126 மில்லியன் டொலர். 2016இல் ஜேஸ் தெரிவுசெய்து, சின்ன லீக்குகளில் வளாடிமிர் குரேரோ ஜூனியரோடு சேர்ந்து வளர்ந்து, 2019இல் இருவரும் ஒரே வருசத்தில் மேலே வந்தார்கள். சாப்பாட்டு அறையில் பாதிப் பேருக்கு அவன் துரோகி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூடச் சம்பளம் தருகிறார்கள் என்று ஊர் மாறுவதைக் குறை சொல்ல அந்த மேசையில் யாருக்குத் தகுதி இருக்கிறது? நாங்கள் எல்லோரும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டு வந்தவர்கள்தானே.

கவலை வேறு இடத்தில். 2025இல் இந்த அணி கிழக்குப் பிரிவில் முதலிடம் வந்தது ஹோம் ரன்னால் மட்டும் அல்ல. முந்தின வருசம் 74 வெற்றியோடு கடைசியில் கிடந்த அணி 94 வெற்றிக்கு ஏறியதற்குக் காரணம், லீக் முழுவதிலும் மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்காமலே ஆட்டமிழப்பது) ஆனவர்கள் இவர்கள் என்பதுதான். பந்து எப்படியோ மட்டையில் படும், எங்காவது விழும், யாராவது ஓடுவார்கள். பிஷெட் அந்தப் பழக்கத்தின் நடுத்தூண், .311 சராசரி, அதாவது பத்துக்கு மூன்று தடவைக்கு மேல் ஹிட். அவன் இடத்தை ஒரே ஆளால் நிரப்ப முடியாது.

நிரப்ப வந்திருப்பவர் கஸுமா ஒகமோட்டோ. யோமியுரி ஜயன்ட்ஸின் ஆள், ஜப்பானின் சென்ட்ரல் லீக்கில் மூன்று தடவை அதிக ஹோம் ரன் அடித்தவர். நாலு வருசத்துக்கு 60 மில்லியன். எந்த அணிக்குப் போகலாம் என்று மகளிடம் எல்லா அணிகளின் சின்னங்களையும் காட்டியபோது, அவளுக்கு நீலப் பறவைதான் பிடித்ததாம். வந்திறங்கிய அன்றே இந்த ஊர்ச் சனத்தின் மனதைப் பிடிக்க அது ஒன்றே போதும். ஆனாலும் ஜப்பானில் பார்த்ததைவிட வேகமான பந்துகளை இங்கே ஒவ்வொரு நாளும் பார்க்கவேண்டி வரும். ஏப்ரலில் கொஞ்சம் தடுமாறுவார் என்றுதான் நினைக்கிறேன். புது நாட்டில் முதல் மாதங்கள் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூன் வரைக்கும் அந்த மனுசனைச் சும்மா விடுங்கோ.

சரி, என் வரிசை இது. முதலில் ஸ்பிரிங்கர், இரண்டாவது பார்ஜர், மூன்றாவது குரேரோ, நாலாவது ஒகமோட்டோ, பிறகு கேர்க், வார்ஷோ, கிளெமென்ட், லூக்ஸ், கடைசியில் ஹிமெனெஸ்.

ஸ்பிரிங்கரில்தான் எனக்குப் பெரிய பயம். போன வருசம் .309, 32 ஹோம் ரன். உலகத் தொடருக்கு முந்தின தொடரில், சியாட்டில் மரினர்ஸுக்கு எதிரான ஏழாம் ஆட்டத்தில் அவன் அடித்த அடியைச் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் வருகிற செப்டெம்பரில் 37 வயதாகிறது, ஒப்பந்தமும் இந்த வருசத்தோடு முடிகிறது. அதே கணக்கை இன்னொரு தடவை எதிர்பார்ப்பது பேராசை. 22 ஹோம் ரன் அடித்தாலே நான் கும்பிடுவேன்.

குரேரோவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மொன்றியலில் பிறந்தவன், 14 வருசத்துக்கு 500 மில்லியன் ஒப்பந்தம் இந்த வருசம்தான் தொடங்குகிறது. வருச முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃப்பில் .397 அடித்த ஆளுக்குப் பின்னால் நம்பிக்கையான ஒருவன் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் ஒட்டானிக்கு நாங்கள் செய்ததை எல்லோரும் எங்களுக்குச் செய்வார்கள். ஒகமோட்டோவை நாலாவதில் வைப்பது அதற்குத்தான்.

பிஷெட் நின்ற ஷோர்ட்ஸ்டொப்பில், அதாவது இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் தடுக்கும் இடத்தில், ஹிமெனெஸ். பிஷெட்டின் தடுப்பாட்டம் எப்போதும் சுமார்தான், இவன் செகண்ட் பேஸில் சிறந்த தடுப்பாளருக்கான தங்கக் கையுறை விருதை மூன்று தடவை வாங்கியவன். மட்டைதான் போன வருசம் முழுக்கத் தூங்கியது. ஆனாலும் சியாட்டிலில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்துத் தொடரைத் திருப்பினான். ஒன்பதாம் இடத்தில் இருந்து ஸ்பிரிங்கருக்கு முன்னால் அவ்வப்போது பேஸில் ஏறினால் காணும். பிஷெட் இல்லாததால் உள்வட்டத்தில் காப்பாற்றப்படும் ஓட்டங்கள், அவனுடைய மட்டை போனதால் இழக்கும் ஓட்டங்களில் பாதியையாவது ஈடுகட்டும் என்பது என் எண்ணம்.

எனக்குப் பிடித்த ஆள் எர்னி கிளெமென்ட். 2023 மார்ச்சில் அத்லெட்டிக்ஸ் வேண்டாம் என்று விட்டவன், போன வருசம் ஒரே பிளேஓஃப்பில் 30 ஹிட் அடித்துச் சாதனை செய்தான். அவன் அடிக்கும் பந்து ஒவ்வொன்றும் யாருக்கும் எட்டாத இடமாகப் பார்த்து விழும்.

பந்துவீச்சில் எனக்குக் கவலையே இல்லை. டிலன் சீஸ் 210 மில்லியனுக்கு வந்திருக்கிறான். கோஸ்மன் இருக்கிறான். 22 வயது யெசவாஜ், உலகத் தொடரில் ஒரே ஆட்டத்தில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியவன், முழு வருசமும் எங்களோடு. ரோஹாஸுக்கு அந்த ஹோம் ரன்னைக் கொடுத்த ஹொஃப்மன் கடைசி இன்னிங்ஸில் வரும்போது மட்டும் நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுவேன்.

பெரிய ஆட்டங்களுக்கு டிக்கெட் விலை எட்டாது. கெனடி ஸ்டேசனில் ஏறி, இடையில் ரெயில் மாறி யூனியனில் இறங்கினால் மைதானம் நடக்கிற தூரம். ஒரு டொலர் ஹொட் டோக் விற்கும் செவ்வாய்க்கிழமைகளில் உச்சியிலுள்ள 500ஆம் தட்டில் பிள்ளைகளோடு போய் இருப்போம். மனுசி கட்டித்தரும் றோல்ஸும் பையில் வரும். அங்கே இருந்து பார்த்தால் ஆட்கள் சின்னதாகத்தான் தெரிவார்கள், ஆனால் தடுப்பாளர்கள் ஒவ்வொரு பந்துக்கும் எப்படி நகர்கிறார்கள் என்பது ரிவியை விட நன்றாக விளங்கும்.

என் வரிசையைச் சாப்பாட்டு அறைப் பலகையில் எழுதி வைத்தேன். அடுத்த இடைவேளைக்குள் பிலிப்பைன்ஸ்காரத் தம்பி ஒகமோட்டோவை அழித்து ஏழாவதில் போட்டு, கேர்க்கை நாலாவதுக்கு ஏற்றியிருந்தான். புது ஆளுக்கு அவ்வளவு பாரம் வைக்காதே அண்ணை என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கேர்க் பந்தைத் தவறவிடுவது குறைவு. ஆனால் கேர்க் மெதுவாக ஓடுகிறவன், நாலாவதில் நின்றால் டபிள் பிளே (ஒரே அடியில் இருவர் ஆட்டமிழப்பது) குவியும். உலகத் தொடரின் ஏழாம் ஆட்டம் கேர்க்கின் டபிள் பிளேயோடுதான் முடிந்தது என்று அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். பேசாமல் இருந்தான், ஆனால் பலகையை மாற்றவில்லை. ஜூன் முதலாம் திகதி ஒகமோட்டோ எத்தனையாவதில் நிற்கிறார் என்பதற்கு ஒரு பெட்டி டிம்பிட்ஸ் (சின்ன உருண்டை டோனட்) பந்தயம்.