சிங்கப்பூரிடம் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது

கீழக்கரைப் பக்கம் பள்ளிக்கூடப் பேச்சு வந்தாலே யாராவது சிங்கப்பூரை இழுத்துவிடுவார். தெருவுக்கு நாலு சபுராளி (வெளிநாட்டில் போய்ச் சம்பாதிக்கிறவர்) வீடு இருக்கிற ஊரில் வேறு எப்படி இருக்கும். "அங்க எல்லாமே இங்கிலீஷ் மீடியம்தான் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணன்), அதான் நாடு அப்படி இருக்கு" என்று அடித்துச் சொல்வார்கள். பாதி சரி.

1987-லிருந்து அங்கே எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம்தான் பயிற்றுமொழி. ஆனால் இரண்டாம் மொழியைத் தொடக்கப்பள்ளியில் 1960-லேயும் உயர்நிலையில் 1966-லேயும் கட்டாயமாக்கிவிட்டார்கள். தொடக்கப்பள்ளி முடிக்கும்போது எழுதுகிற தேசியத் தேர்வில் நாலு பாடம், தமிழ்ப் பிள்ளைக்கு அதில் ஒன்று தமிழ். கணக்குக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு. நம் ஆட்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை.

அதுவும் லேசில் வந்துவிடவில்லை. 1979-ல் துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு கணக்கெடுத்துப் பார்த்தால், தேர்வு எழுதியவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் ஏதாவது ஒரு மொழியிலோ இரண்டிலுமோ தோற்றிருந்தார்கள். வீட்டில் ஹொக்கியன், தியோச்சூ என்று சீன வட்டார மொழிகள் பேசிய பிள்ளைகளைப் பள்ளியில் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் உட்காரவைத்தால் வேறு என்ன நடக்கும்?

இதைப் படித்தபோது எனக்கு நம் கடற்கரைதான் ஞாபகம் வந்தது. 2012-13-லிருந்து அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழி வகுப்பு வந்துவிட்டது, மெட்ரிக் பள்ளிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என்னிடம் டியூஷனுக்கு வரும் வாலிநோக்கத்துப் பையன் ஒருவன் நீர் ஆவியாவதைப் பற்றிய பாடத்தை ஆங்கிலத்தில் ஒரு மூச்சில் ஒப்பிப்பான். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால் திரும்பவும் முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பான். சரி, உங்க வாப்பா வேலை பார்க்கிற உப்பளத்தில் என்ன நடக்குது, தமிழில் சொல்லு என்றேன். உவர்த் தண்ணியைப் பாத்தியில் பாய்ச்சுவதிலிருந்து, வெயில் ஏற ஏறத் தண்ணி சுண்டுவது, மேலே பூப்பது, பலகையால் வாருவது, மழை பெய்தால் எல்லாம் கரைந்துபோவது வரை கால் மணி நேரம் பேசினான். அறிவியல் அவனுக்குத் தெரியும், பள்ளிக்கூடம்தான் அதைத் தெரிந்துகொள்ளவில்லை.

சிங்கப்பூரிடம் நான் எடுத்துக்கொள்வேன் என்றால், தோல்வியை மறைக்காமல் எண்ணிப் பார்த்துத் திருத்திய அந்தப் புத்தியை எடுத்துக்கொள்வேன். 2005-ல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழுவும், எழுத்துத் தமிழை மட்டும் கட்டிக்கொண்டு அழாமல், பேச்சுத் தமிழுக்கும் வகுப்பில் இடம் கொடுக்கச் சொன்னது. நாம் ஆங்கிலத்தைச் சொல்லித்தருகிற விதத்துக்கும் இது பொருந்தும். பத்து வருஷம் படித்த பிள்ளை வாயைத் திறந்து நாலு வாக்கியம் பேசவில்லை என்றால் எந்த மீடியமாக இருந்து என்ன?

விட வேண்டியதும் உண்டு. மூன்றாம் வகுப்பிலேயே பிள்ளைகளைத் தரம் பிரித்த கொடுமை அந்த 1979 திட்டத்தில்தான் வந்தது. அவர்களே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி, 2024-ல் உயர்நிலையிலும் பழைய பிரிவுகளை எடுத்துவிட்டு, பாடவாரியாக நிலை வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் வீட்டு மொழி. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எல்லா இனத்தையும் சேர்த்த சிங்கப்பூர்வாசிகளில், வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றவர்கள் 32.3 சதவீதம், 2020-ல் 48.3. தமிழ் என்றவர்கள் 2020-ல் 2.5 சதவீதம்தான். ஆட்சிமொழி அந்தஸ்து, கட்டாயப் பாடம், 1935-லிருந்து வரும் தமிழ் முரசு எல்லாம் இருந்தும் இப்படி. (அங்குள்ள தமிழ்மொழி நிலையத்துக்கு உமறுப்புலவர் பெயர். அவரை ஆதரித்த சீதக்காதி நம்ம ஊர்க்காரர், ஒரு பெருமைக்குச் சொல்லிவைக்கிறேன்.) பள்ளிக்கூடம் தமிழைப் பார்த்துக்கொள்ளும் என்று பிள்ளையோடு வீட்டிலும் தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசுகிற பெற்றோர் இந்தக் கணக்கை ஒரு தடவை பார்க்கட்டும்.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைக் கேட்கப்போகிறேன்: ஐந்தாம் வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் தமிழில், ஆங்கிலத்துக்குத் தினம் ஒரு மணி நேரம், அதில் பாதி நேரம் புத்தகத்தை மூடிவைத்துப் பேச்சு. பெற்றோர் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.